துருப்பிடிச்ச சைலன்சரை வீட்டுலேயே மாத்துறது: 2009 ஆல்ட்டோ, பிளேஞ்சு போல்ட் அசையல

#1 உப்பாத்து_ஓடை

2009 ஆல்ட்டோ, 796 சிசி பெட்ரோல். ஓட்டம் முழுக்கத் தூத்துக்குடிக்குள்ளதான். காலைல மூணு கிலோமீட்டர், சாயங்காலம் மூணு கிலோமீட்டர். இப்போ நிலவரம்:

சைலன்சர் டப்பாவோட அடித் தையல்ல திருப்புளி வச்சு அழுத்தினா உள்ள போயிருது. டப்பாவும் நடுக்குழாயும் சேர்ற பிளேஞ்சுல போல்ட் எது, நட்டு எதுன்னே தெரியாத அளவுக்குத் துரு. முன்னால ஸ்பிரிங் போல்ட் ஜாயிண்ட்டைச் சுத்திக் கரி படிஞ்சிருக்கு. தொங்குற ரப்பர்ல ஒண்ணு பாதி கிழிசல்.

முற்றத்துல சிமெண்ட் தரை இருக்கு. ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நாலு இன்ச் கிரைண்டர் இருக்கு. வெல்டிங் கிடையாது. டப்பாவை மட்டும் மாத்தினாப் போதுமா, முழு லைனும் போடணுமா? அந்த போல்ட்டைக் கழட்ட என்ன வழி அண்ணாச்சிமாரே?

#2 பதினாலு_ஸ்பேனர்

முழு லைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சின்னச் சுத்தியலால குழாய் நெடுகத் தட்டிட்டு வாங்க. நல்ல குழாய் கணீர்னு கேக்கும். உள்ள அரிச்சுப்போன இடம் பொத்துனு கேக்கும். மூணு இடத்தை விட்டுராதீங்க: பிளேஞ்சுக்கு முன்னால ஒரு சாண் தூரம், வளைவோட அடிப்பக்கம், ரப்பர்ல மாட்டுற கம்பியைக் குழாயோட வெல்டிங் வச்ச இடம். இந்த மூணும் தாங்கினா நடுக்குழாயை வச்சுக்கலாம். தட்டும்போதே செதில் செதிலா உதிர்ந்தா அதையும் சேர்த்து வாங்கிருங்க. புது டப்பாவை அரிச்ச குழாயில மாட்டினா ஆறு மாசத்துல மறுபடியும் வண்டிக்கு அடியில படுக்கணும்.

அடுத்தது கசிவு. காலைல இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, தடிமனான ஈரத்துணியால, கையுறை போட்டுக்கிட்டு, பின்வாயை ரெண்டு மூணு விநாடி மட்டும் அடைங்க. இன்னொருத்தர் பக்கத்துல குனிஞ்சு காது கொடுத்தா எங்க 'ஸ்ஸ்'னு வருதுன்னு தெரிஞ்சிரும். இதைத் திறந்த வெளியிலதான் செய்யணும். ஷட்டர் இறக்கின ஷெட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

ஸ்டார்ட் பண்ணினதும் 'டிக் டிக் டிக்'னு கேட்டு, சூடானதும் அடங்குதா? அப்போ கசிவு மேனிபோல்டு (இன்ஜின்ல இருந்து புகையை வாங்குற முதல் குழாய்) பேக்கிங்ல, இல்லன்னா மேனிபோல்டுலயே விரிசல். அது தனி வேலை, இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

#3 கரிப்புகை

அந்த மூணு கிலோமீட்டர்தான் உங்க டப்பாவைத் தின்னது. உப்புக் காத்துக்கும் பங்கு உண்டு, ஆனா முதல் குற்றவாளி உள்ள இருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. நீண்ட ஓட்டத்துல டப்பா நல்லா சூடாகி எல்லாத்தையும் வெளிய தள்ளிரும். மூணு கிலோமீட்டர்ல முன்குழாய் சூடாகும், கடைசி டப்பா வெதுவெதுப்போட நின்னுரும். ஆவி அங்கேயே குளிர்ந்து, புகையில இருக்கிற அமிலத்தோட கலந்து அடித் தையல்ல தேங்குது. டப்பா எப்பவும் அடிப்பக்கத்துல ஓட்டையாகுறது இதனாலதான். வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் பைபாஸ்ல ஓட்டினா அதுவே பாதி மருந்து.

வெளிப்பக்கத்துக்கு: உப்பள லாரி போற ரோட்டுல சிந்தின உப்பு அடியில ஒட்டி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். கழுவுறது நல்லதுதான், ஆனா நல்ல தண்ணியில கழுவணும். போர் தண்ணி உப்பா இருந்தா அதால அடியைக் கழுவுறதும் கழுவாம இருக்கிறதும் ஒண்ணுதான்.

#4 உப்பாத்து_ஓடை

போர் தண்ணிதான் அண்ணாச்சி, சோப்பே நுரைக்காது. விஷயம் புரியுது. தட்டிப் பாத்தேன். நடுக்குழாய் கணீர்னு கேக்குது. பிளேஞ்சுக்குப் பக்கத்துல மட்டும் லேசா உதிருது. டிக் டிக் சத்தம் இல்ல. ஈரத்துணி வச்சப்போ டப்பாவுலயும் ஸ்பிரிங் ஜாயிண்ட்லயும் சீறுது. அப்போ டப்பா, முன் ஜாயிண்ட் ரிங், ரப்பர் எல்லாம் மாத்துறேன். போல்ட்?

#5 வெல்டிங்_குச்சி

போல்ட்டோட மல்லுக்கட்டாதீங்க. அறுத்துப் போடுங்க.

டப்பா எப்படியும் குப்பைக்குத்தான் போகுது. பிளேஞ்சு போல்ட்டும் ஊடு போல்ட்தான், அந்தப் பக்கம் நட்டு. அப்புறம் எதுக்கு அதைக் காப்பாத்தணும்? 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டு போல்ட் தலையைச் சீவிட்டு, மிச்சத்தைப் பஞ்ச் வச்சு ஒரு அடி. நட்டுல, போல்ட் தண்டுக்கு இணையா ஒரு கீறல் போட்டு, உளியால பிளந்தாலும் கழண்டுரும். நடுக்குழாய்ப் பக்கத்துப் பிளேஞ்சு முகத்தை மட்டும் கிரைண்டர் தொடக்கூடாது. அதுலதான் புதுப் பேக்கிங் உக்காரணும்.

கிரைண்டர் வைக்கும்போது பொறி எந்தப் பக்கம் பறக்குதுன்னு முதல்ல பாருங்க. பெட்ரோல் டேங்கும் பைப்பும் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்துலதான் இருக்கும். நடுவுல ஒரு தகரம் நிறுத்தி, ஈரச் சாக்கைத் தொங்க விடுங்க. பெட்ரோல் வாடை லேசா அடிச்சாலும் கிரைண்டரை எடுக்காதீங்க, ஹேக்சா பிளேடால மெதுவா அறுங்க. கண்ணாடி இல்லாம வண்டிக்கு அடியில போகவே கூடாது. துரு நேரா முகத்துலதான் கொட்டும்.

#6 லேத்துப்பட்டறை

வெல்டிங்_குச்சி சொன்னது பின் பிளேஞ்சுக்குச் சரி. முன் ஜாயிண்ட்டுக்கு அதே புத்தியோட போனா மாட்டிப்பீங்க. அங்க ஸ்பிரிங் போல்ட் ஏறுற நட்டு சில குழாய்ல பிளேஞ்சோடயே வெல்டிங் ஆகியிருக்கும். தலையைச் சீவிட்டா உள்ள தண்டு மாட்டிக்கும். அங்க பொறுமைதான் வேணும்.

முந்தின நாள் ராத்திரியே கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தட்டிட்டு, துரு இளக்குற ஆயில் அடிச்சு வைங்க. காலைல மறுபடியும் ஒருதடவை. மண்ணெண்ணெய், டீசல்னு ஊத்துறவங்க உண்டு. ஊறும், ஆனா அதோட வாடை போறதுக்குள்ள நெருப்பு வைக்க முடியாது. அப்புறம், ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனர் மட்டும் போடுங்க. பன்னிரண்டு பட்டை, துரு அரிச்ச தலையை மழுக்கிரும். தலை தேஞ்சு 14 லூசா இருந்தா 13ஐச் சுத்தியலால அடிச்சு ஏத்துங்க.

ஸ்பேனரை முதல்ல இறுக்குற பக்கம் ஒரு சின்ன வெட்டு வெட்டுங்க. துருவோட பிடிப்பு அதுலதான் உடையும். அப்புறம் கழட்டுற பக்கம் கால் சுத்து, திரும்ப இறுக்கு, ஆயில், மறுபடி கால் சுத்து. 'கீச்'னு சத்தம் வந்தா வருதுன்னு அர்த்தம். ரப்பர் மாதிரி இழுபட்டுச் சத்தமே இல்லாம திரும்பினா போல்ட் முறுகுது, அங்கேயே நிறுத்துங்க.

அதுக்கும் வரலன்னா சூடு. டார்ச்ல நட்டை மட்டும் சூடாக்கி, டார்ச்சை அணைச்சிட்டு, மெழுகுவர்த்தியை மரையோரம் தொடுங்க. மெழுகு உருகி மரைக்குள்ள தானா இழுபடும். பக்கத்துல பிரேக் ஓஸ், வயர், ஆயில் அடிச்ச ஈரம் எதுவும் இருக்கக்கூடாது.

மேனிபோல்டு ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) மட்டும் தொடாதீங்க. வார்ப்பு இரும்புக்குள்ள ஸ்டட் முறிஞ்சா, முறிஞ்ச முனையில நட்டு வச்சு வெல்டிங் அடிச்சு எடுக்கணும். முற்றத்துல படுத்துக்கிட்டு ஆகுற காரியம் இல்ல அது.

#7 உப்பாத்து_ஓடை

கடையில என்னென்ன கேட்டு வாங்கணும்? ஹார்டுவேர் கடை போல்ட் போட்டாப் பரவாயில்லையா?

#8 பதினாலு_ஸ்பேனர்

வாங்க வேண்டியது: பின் சைலன்சர் டப்பா, பின் பிளேஞ்சு பேக்கிங் 1, முன் ஜாயிண்ட் ரிங் 1, ஸ்பிரிங்கோட போல்ட் 2, பின் பிளேஞ்சுக்குப் போல்ட் நட்டு, ரப்பர் எத்தனை இருக்கோ அத்தனையும். கிழிஞ்ச ஒண்ணை மட்டும் மாத்தினா மிச்சப் பழசு தொய்ஞ்சு, புதுசு மட்டும் பாரம் தாங்கிச் சீக்கிரம் அறுந்துரும். டப்பாவை மாதிரிக்குக் கையோட கொண்டுபோக முடியாதுங்கிறதால ஆர்.சி. புக்ல இருக்கிற மாதமும் வருஷமும் சொல்லி வாங்குங்க. ஹேங்கர் கம்பி வளைவு வருஷத்துக்கு வருஷம் மாறும்.

போல்ட் விஷயத்துல ஒரு குழி இருக்கு. ஜப்பான் வழி வந்த வண்டியில 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25, தலை 14. ஹார்டுவேர் கடையில 10 கேட்டா 1.5 மரைதான் எடுத்துக் கொடுப்பாங்க. ரெண்டு சுத்து கையால ஏறும், அப்புறம் இறுகும். 'துருதான் போல'ன்னு நீட்டு ராடு போட்டுத் திருகினா மரை மொத்தமும் போச்சு. 8 மி.மீ.க்கு இந்தத் தொல்லை இல்ல, ரெண்டுமே 1.25தான், தலை மட்டும் ஒண்ணுல 12, இன்னொண்ணுல 13. எதுவானாலும் புதுப் போல்ட்டைக் கையாலேயே ஆறேழு சுத்து ஏத்திப் பாத்துட்டுத்தான் ஸ்பேனர்.

நைலான் வளையம் வச்ச லாக் நட்டு வேண்டாம், அந்தச் சூட்டுல நைலான் உருகிரும். முழு இரும்பு லாக் நட்டு போடுங்க, இல்லன்னா ரெட்டை நட்டு.

டப்பாவை வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க. ஒரே அளவு ரெண்டு டப்பாவுல எது கனமோ அது. லேசா இருக்கிறதுல தகடும் மெலிசு, உள்ள தடுப்பும் குறைவு. குலுக்கும்போது உள்ள எதுவும் கடகடன்னு உருளக்கூடாது.

#9 தென்பாண்டி_டிரைவர்

டப்பாவுக்கு எதுக்குக் காசு? தகடு வச்சு ஒட்டு போட்டா ரெண்டு வருஷம் ஓடும். நேர்குழாய் மாட்டிட்டா இன்னும் நல்லது, பிக்கப்பும் கூடும்.

#10 வெல்டிங்_குச்சி

ஒட்டு நல்ல தகட்டுல நிக்கும். அரிச்ச தகட்டுல வெல்டிங் வச்சா ஓட்டை பெருசாகிட்டே போகும். ஓட்டையிலிருந்து ரெண்டு விரல்கடை தள்ளித் தட்டினா அங்கேயும் பொத்துனு கேக்கும், அங்க எதுல ஒட்டுவீங்க? சைலன்சர் பேஸ்ட், அலுமினிய டேப்பெல்லாம் ஊசிமுனை ஓட்டைக்கு, அதுவும் ஒரு மாசத்துக்கு.

குழாயில ஒட்டு போடுறவங்களுக்குத் தகவல்: குழாய்ச் சுவர் 1.2 முதல் 1.5 மி.மீ.தான் இருக்கும். 3.15 மி.மீ. ராடு வச்சா குழாய் ஓட்டையாயிரும். 2 மி.மீ. ராடு, 40–50 ஆம்பியர், ஒரே கோடா இழுக்காம புள்ளி புள்ளியா வைக்கணும். கழட்டிக் கீழ வச்சு அடிக்கிறதுதான் முறை. வண்டியிலேயே அடிச்சே ஆகணும்னா பேட்டரி டெர்மினல் ரெண்டையும் கழட்டி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கிற குழாயிலேயே மாட்டுங்க. எங்கேயோ பம்பர்ல எர்த் கொடுத்தா கரெண்ட் போற வழியில இசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) இருக்கலாம்.

#11 கரிப்புகை

நேர்குழாய் பத்தி: பிக்கப் கூடுறது காதுக்குத்தான். 796 சிசிக்கு அந்த டப்பா ஒண்ணும் மூச்சை அடைக்கல. மாசு, சத்தம் விதியை மீறினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும் போகும்.

இதைவிட முக்கியமானது புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர். சில வண்டியில மேனிபோல்டை ஒட்டி இருக்கும், சிலதுல முன்குழாயில இருக்கும். அதுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசின தேன்கூடு மாதிரி ஒரு கட்டி இருக்கு. 'அடைச்சிருச்சு, எடுத்துட்டு வெறும் குழாய் போட்டுத் தர்றேன்'னு யாராவது சொன்னா, கழட்டினதை வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க. அந்தக் கட்டிக்குத் தனி மார்க்கெட் உண்டு. கையால தட்டினா உள்ள கலகலன்னு கேட்டாத்தான் அது உடைஞ்சிருக்கு. உங்க வருஷத்து நாலு சக்கரப் பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் எல்லை. கன்வெர்ட்டர் இல்லாம அதுக்குள்ள நிக்கிறது கஷ்டம்.

உங்க முன் ஜாயிண்ட் கசிவையும் சத்தம் இல்லையேன்னு விட்டுராதீங்க. ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால ஓட்டை இருந்தா, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல வெளிக்காத்து உள்ள இழுபடும். சென்சர் 'காத்து அதிகம், பெட்ரோல் குறைவு'ன்னு சொல்லும், இசியூ பெட்ரோலைக் கூட்டி ஊத்தும். மைலேஜ் குறைஞ்சுச்சுன்னு பிளக்கை மாத்துவாங்க, பில்டரை மாத்துவாங்க. காரணம் அந்த ரிங்கா இருக்கும்.

#12 லேத்துப்பட்டறை

வண்டியைத் தூக்குறதுக்கு: ஸ்டெப்னி மாத்தக் கொடுத்த ஜாக்கியில நிறுத்திட்டு அடியில தலை வைக்காதீங்க. ஜாக்கி தூக்கத்தான், நிறுத்த ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஸ்டாண்டு இல்லாம இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். பின்பக்கம் தூக்கும்போது முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, வண்டி முதல் கியர்ல. கழட்டின ஸ்டெப்னியைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில படுக்கப் போட்டு வைங்க. ஸ்டாண்டுல இறக்கினதும் வண்டியைக் கையால நல்லா ஒரு உலுக்கு உலுக்கிப் பாத்துட்டு உள்ள போங்க.

சென்சரைக் கழட்ட வேண்டிய தேவை இல்லன்னா தொடாதீங்க. கழட்டியே ஆகணும்னா இன்ஜினை ரெண்டு நிமிஷம் ஓட்டி லேசா சூடானதும், வயர் நுழைய வெட்டு விட்ட 22 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் போடுங்க. வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது.

#13 பதினாலு_ஸ்பேனர்

மாட்டுற முறையிலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. பின்னால முதல்ல இறுக்கிட்டு முன்னால வர்றது. குழாய் எங்கேயோ இழுபட்டு நின்னு, அப்புறம் தரையில் இடிக்குது, கடகடக்குதுன்னு புலம்பல்.

முதல்ல ரப்பர் எல்லாத்தையும் மாட்டி லைனைத் தொங்க விடுங்க. ரப்பருக்குச் சோப்புத் தண்ணி போதும், கிரீஸும் ஆயிலும் போட்டா ரப்பர் ஊதிரும். பழைய ரிங்கைத் தோண்டி எடுத்து, அது உக்கார்ற இடத்தை உப்புத்தாளால பளிச்சுனு தேச்சிட்டுப் புது ரிங். போல்ட் எல்லாத்தையும் விரலால ஏத்தி லூசா விடுங்க. இப்போ பின்னால போய் நின்னு டப்பா நேரா இருக்கா, பாடியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் விலகி இருக்கான்னு பாருங்க. சூட்டுல குழாய் நீளும்: ரெண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி ஏறினா ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். அதனால ரப்பர் இழுபட்டு நிக்காம நேராத் தொங்கணும்.

அப்புறம் முன்னாலிருந்து பின்னால இறுக்கிட்டு வாங்க. ஸ்பிரிங் போல்ட் ரெண்டையும் மாத்தி மாத்திச் சமமா. போல்ட் தண்டுல ஒரு படி இருக்கும், அது போய் முட்டினதும் நிறுத்தணும். ஸ்பிரிங்கை முழுசா நசுக்கிட்டா அந்த ஜாயிண்ட்டுக்கு வேலையே இல்ல. இன்ஜின் குறுக்கே உக்காந்திருக்கிற வண்டியில ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்தை வாங்கத்தான் ஸ்பிரிங். 'கசியுது'ன்னு அதை வெல்டிங் வச்சு ஒட்டினா அடுத்து விரியுறது மேனிபோல்டு.

பிளேஞ்சுக்கு 8 மி.மீ. போல்ட்னா 20–25 நியூட்டன் மீட்டர், 10ன்னா 40–50. மரையில செம்பு கிரீஸ் லேசாத் தடவுங்க, அடுத்த தடவை கிரைண்டர் தேவைப்படாது. சிலிக்கான் பேஸ்ட்டைப் பேக்கிங்ல தடவாதீங்க, சூட்டுல அதோட ஆவி சென்சரைக் கெடுக்கும்.

#14 கரிப்புகை

ஒரு சேர்க்கை. வெப்பத் தகடு தொளதொளன்னு ஆடினா பிடுங்கி எறியாதீங்க. போல்ட் ஓட்டை அரிச்சுப் பெருசாகியிருக்கும், பெரிய வாஷர் வச்சு இறுக்கினாச் சரி. அந்தத் தகடு இல்லாம காஞ்ச புல்லு மேல வண்டியை நிறுத்தினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினதும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் எங்கெங்கோ புகையும். கைப்பட்ட ஆயிலும், புது டப்பா மேல இருக்கிற எண்ணெயும் எரியுது. முழுசாக் குளிர்ந்ததும் ஒரு தடவை, 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை பின் பிளேஞ்சை மட்டும் இறுக்கிப் பாருங்க. ஸ்பிரிங் போல்ட்டுக்கு வேண்டாம்.

#15 உப்பாத்து_ஓடை

முடிச்சாச்சு. பின் போல்ட் ரெண்டும் அறுத்துத்தான் வந்துச்சு. முன்னால ராத்திரி ஆயில் போட்டு வச்சதுல 14க்கே அசைஞ்சுட்டு. கடைக்காரர் கொடுத்த 10 போல்ட் 1.5 மரையேதான், கையால ஏத்திப் பாத்ததால தப்பிச்சு, மாத்திட்டு வந்தேன். சீறல் எங்கேயும் இல்ல.

ஒரே சந்தேகம். புது டப்பாவுக்கு அடியில, பின் ஓரத்துல, ஊசித் துவாரம்னு சொல்ல முடியாது, 3 மி.மீ. இருக்கும், ஒரு ஓட்டை இருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணினா அதுல தண்ணி சொட்டுது. கடையில கொடுத்து மாத்திக் கேக்கவா, இல்ல பேஸ்ட் வச்சு அடைச்சிரவா?

#16 வெல்டிங்_குச்சி

ரெண்டும் வேண்டாம் தம்பி. அது தண்ணி வடியுறதுக்குன்னே கம்பெனியில போட்ட ஓட்டை. உங்க பழைய டப்பாவுலயும் இருந்திருக்கும், துருவும் சேறும் அடைச்சிருக்கும். மாசம் ஒரு தடவை ஒரு கம்பியை விட்டுக் குத்தி விடுங்க.